செத்த நார்

அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. அந்தப் பெயரை ஒரு வருஷம் முழுக்க மலாக்காவின் காஜா பேராங்கில் கண்ட வாயெல்லாம் சொல்லித் துப்பியது. கடையில் மூட்டை கட்டிய கயிறு அறுந்தால் அவர் பெயர். ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடினால் அவர் பெயர். கயிறு தாண்டி விளையாடும் பிள்ளைகள்கூட அதை வைத்துப் பாட்டுக் கட்டினார்கள். அத்தனை பேர் அழுக்காக்கிய பெயரை நானும் கையில் எடுத்து இங்கே வைக்க எனக்கு மனமில்லை. பட்டறையில் நாங்கள் அவரை அக்கா என்று கூப்பிட்டோம். அக்கா என்றே இருக்கட்டும்.

அக்காவுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். எனக்கு இருபத்திரண்டு. கல்யாணமாகி வந்த இரண்டாம் வருஷம், காஜா பேராங்கின் பின்பக்கம் வயல்களை ஒட்டியிருந்த கயிற்றுப் பட்டறைக்கு நான் வேலைக்குப் போனேன். முதலாளி நம்மவர்தான். வயலுக்கு அப்பால் குத்தகை நிலத்தில் சணப்பு விதைப்பார். மஞ்சளாகப் பூத்து ஆள் உயரத்துக்கு மேல் வளரும் செடி. அதை அறுத்துத் தண்ணீரில் ஊறப்போட்டு, தண்டின் பட்டையிலிருந்து நாரை உரித்து, அலசிக் காயவைத்துக் கயிறு முறுக்குவோம். மாடு கட்ட, படகு கட்ட, கிணற்றில் இறங்க, லோரியில் சாமான் கட்ட என்று மலாக்கா டவுன் முழுக்க எங்கள் கயிறு போனது.

முறுக்குவது நாங்கள் ஆறு பெண்கள். ஊறல் குட்டைக்கு அக்கா மட்டும்தான் பொறுப்பு.

முதல் நாள் அந்தக் குட்டைக் கரையில் நின்று நான் வாந்தி எடுத்தேன். இடுப்பளவு கறுப்புத் தண்ணீரில் நின்றிருந்த அக்கா திரும்பிப் பார்த்தார்.

"என்னா, மாசமா இருக்கியா?"

"இல்லக்கா. நாத்தம்."

"நாத்தம்னா நாத்தம்தான். நாலு நாள்ல மூக்கு மரத்துப்போயிரும். வாயக் கழுவிட்டு அந்தக் கல்லத் தூக்கிட்டு வா."

அவ்வளவுதான் வரவேற்பு. அந்த நாற்றம் அவர் தோலுக்குள்ளேயே இறங்கியிருந்தது. பஸ்ஸில் அவர் ஏறினால் பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து போவார்கள். அவர் அந்த இடத்திலும் சேர்த்து நன்றாகப் பரப்பிக்கொண்டு உட்காருவார். ஒருமுறை ஒரு பெண்மணி மூக்கைச் சேலையால் மூடிக்கொண்டபோது, "உங்க வீட்டு மாட்டுக்கு மட்டும் வாசனையா கயிறு செஞ்சு தரட்டா?" என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி கேட்டார். அந்தப் பெண் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள். அவள் வீடு அங்கே இல்லை என்பது எனக்குத் தெரியும்.

கோபம் இல்லாத அக்காவை நான் பார்த்ததில்லை. காலையில் வரும்போதே யார்மீதாவது கோபமாக வருவார். ஆனால் குட்டையில் இறங்கிவிட்டால் வேறு ஆள். அறுத்த தண்டுகளை இரண்டு நாள் போட்டு இலை உதிரவிட்டு, கட்டுக் கட்டாகக் கட்டி, முதலில் அடித்தண்டு மட்டும் தண்ணீரில் நிற்கும்படி நிறுத்தி வைப்பார். அடிப்பட்டை தடிப்பு, அதற்குக் கூடுதல் ஊறல் வேண்டும். பிறகுதான் படுக்கவைத்து மேலே கல் ஏற்றுவார். சேற்றை அள்ளிப் பாரம் வைத்தால் நார் கறுத்துவிடும் என்று, கைக்கெட்டும் தூரத்தில் சேறு இருக்க, கல்லைத்தான் தூக்கிவரச் சொல்வார்.

ஐந்தாம் நாளிலிருந்து அவர் குட்டையை விட்டு நகரமாட்டார். மணிக்கு ஒரு தரம் இறங்கி, நடுக் கட்டிலிருந்து ஒரு தண்டை உருவி, அடியை ஒடித்து, கட்டைவிரல் நகத்தைக் கொடுத்துப் பட்டையை மேல்நோக்கி இழுப்பார். பாதியில் அறுந்தால் "ஆகலை." நுனிவரை ஒரே ஓட்டமாக உரிந்து வந்தால் "ஆச்சு." ஆச்சு என்று சொன்ன அந்த நிமிஷத்திலிருந்து நாங்கள் ஆறு பேரும் கயிறு முறுக்குவதை விட்டுவிட்டு ஓடிவந்து கட்டுகளைக் கரையேற்ற வேண்டும். நம் ஊர் வெயிலில் அரை நாள் தாமதித்தாலே பட்டையைத் தின்ற அழுகல் நாரையும் தின்னத் தொடங்கிவிடும்.

அந்த இரண்டு சொல்லையும் அவர் எல்லாவற்றுக்கும் வைத்திருந்தார். கோயில் திருவிழாவில் கொடுத்த பாயாசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, சமைத்தவர் முகத்துக்கு நேரே "ஆகலை" என்றார். என் புருஷன் ஒருநாள் பட்டறைக்கு வந்து, சோறு ஆறிப்போனதற்காக என்னை அங்கேயே சத்தம் போட்டுவிட்டுப் போனான். போகிறவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "இருபத்தெட்டு வயசுன்னியே? இன்னும் ஆகலையே" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னாலும் சிரிப்பை அடக்க முடியவில்லை. மெர்டேக்கா வரப்போகிறது, சுதந்திரம் வரப்போகிறது, வெள்ளைக்காரன் போகப்போகிறான் என்று ஊரே பேசியபோது நான் அவரிடம் கேட்டேன். "வரட்டும். வந்தப்புறம் உரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார்.

அவர்மீது எனக்குப் பிரியம் என்று சொல்ல மாட்டேன். ஒருமுறை உரித்த நாரை மூன்று தண்ணீரில் அலசச் சொல்லியிருந்தார். எனக்கு இடுப்பு வலி. இரண்டு தண்ணீரோடு நிறுத்திவிட்டு, மூன்றாச்சு என்றேன். அக்கா ஒரு பிடி நாரை எடுத்துத் தன் உள்ளங்கையில் பிழிந்தார். சாம்பல் நிறத்தில் தண்ணீர் வழிந்தது. அதை எல்லாருக்கும் காட்டினார். பிறகு நான் காலையிலிருந்து அலசி வைத்திருந்த முழுக் குவியலையும் காலால் சேற்றில் தள்ளினார்.

"மூணுன்னு சொன்ன இல்ல? இப்ப ஆறு அலசு."

அலசினேன். அழுதுகொண்டே அலசினேன். இவள் வழுக்கி அந்தக் குட்டைக்குள்ளேயே விழவேண்டும் என்று வேண்டிக்கொண்டே அலசினேன். என்னோடு சேர்ந்து முறுக்கும் மலாய் பேசும் பழைய தமிழ் வம்சமான சிட்டி சமூகத்துப் பெண் பாக்கியம், அவளுக்குத் தமிழ் அரைகுறை, என் தோளைத் தட்டி "ஜாங்ஙான் மாரா லா" என்றாள். கோபப்படாதே என்று. பதினைந்து நாள் நான் அக்காவோடு பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.

ஆனால் இன்னொன்றும் பார்த்தேன். குட்டைத் தண்ணீரை மாற்றும்போது பழைய தண்ணீரை முதலாளி பக்கத்து வாய்க்காலில் திறந்துவிடச் சொல்வார். அது ஒரு மலாய்ப் பெரியவரின் வயலுக்குப் போகும். ஒருநாள் அந்தப் பெரியவர் ஒரு கூடை நிறையச் செத்த மீனோடு வந்து பட்டறை வாசலில் நின்றார். "ஈக்கான் செமுவா மாத்தி" என்றார். எல்லா மீனும் செத்துவிட்டது. சத்தம்கூடப் போடவில்லை, கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

"தண்ணி தண்ணிதானே. மீனு வேற எதுலயாச்சும் செத்திருக்கும்" என்றார் முதலாளி.

குட்டையிலிருந்து ஈரத்தோடு ஏறி வந்த அக்கா, "நம்ம தண்ணிதான் கொன்னுச்சு. நானே பாத்தேன்" என்றார்.

"நீ யாரோட ஆளு?" என்று முதலாளி பல்லைக் கடித்தார்.

"நான் குட்டையோட ஆளு. அதுல என்னா இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்."

அன்றைக்கே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கத்துப் புதருக்குள் தனி வாய்க்கால் வெட்டத் தொடங்கினார். மூன்று நாள் தனியாக வெட்டினார். உதவிக்கு நாங்கள் யாரும் போகவில்லை, முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மலாய்ப் பெரியவர் மட்டும் மூன்றாம் நாள் தன் மண்வெட்டியோடு வந்து மறுமுனையிலிருந்து வெட்டினார்.

கிணற்று வேலை செய்யும் மாணிக்கண்ணன் எங்கள் பட்டறைக்கு அடிக்கடி வருவார். காஜா பேராங்கில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி அவர் வீடு. கிணறு தூர் வாரக் கயிற்றில் இறங்குகிற மனிதர். எத்தனை கயிறு தொங்கினாலும் அக்கா எடுத்துக் கொடுக்கும் கயிற்றைத்தான் வாங்குவார். அக்கா ஒரு முனையைக் காலில் மிதித்து, மறுமுனையைத் தோளில் போட்டு இழுத்துப் பார்த்து, பிடிக்காததைத் தூக்கி எறிந்து, பிடித்ததை அவர் மேல் வீசுவார். "அக்கா சிரிச்சா இன்னொண்ணும் வாங்குவேன்" என்பார் மாணிக்கண்ணன். "எறங்கப் போறது நீ. நான் எதுக்குச் சிரிக்கணும்?" என்பார் அக்கா.

மெர்டேக்காவுக்கு முந்தைய மாதங்களில் எல்லாருக்கும் கயிறு வேண்டியிருந்தது. வளைவு கட்டக் கயிறு, பந்தல் போடக் கயிறு, கொடித் தோரணம் கட்டக் கயிறு. முதலாளி வந்தவர்களுக்கெல்லாம் தலையாட்டினார். அதோடு ஊர் வரவேற்பு வேலைகளில் தானும் முன்னால் நிற்க ஆசைப்பட்டார். ஒரு காலையில் எங்கள் ஆறு பேரையும் தன் வீட்டுக்கு வரச் சொன்னார். கொடி தைக்க, தோரணம் ஒட்ட, விருந்துக்கு வீடு கழுவ. குட்டையில் நாற்பது கட்டுக்கு மேல் ஊறிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஆறாம் நாள்.

அக்கா கையில் ஓர் உரித்த பட்டையோடு ஓடிவந்தார். நுனிவரை அறுபடாமல் தொங்கியது.

"ஆச்சு. இன்னிக்கு மத்தியானத்துக்குள்ள ஏத்தணும். இவங்களக் கூட்டிட்டுப் போகாதீங்க."

"ஒரு நாள் தள்ளினா என்னா இப்ப? நாடே சுதந்திரம் வாங்குது, உனக்கு உன் குட்டைதான் பெரிசு."

"எனக்குக் குட்டைதான் பெரிசு. இவங்கள விட்டுட்டுப் போங்க."

முதலாளி லோரியில் ஏறினார். நாங்களும் ஏறினோம். நான் லோரியின் பின்பக்கம் உட்கார்ந்திருந்தேன். அக்கா எங்களைத் திட்டவில்லை. சேலையை வரிந்து செருகிக்கொண்டு குட்டையை நோக்கி நடந்தார். நனைந்த ஒரு கட்டைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். அவர் ஒற்றை ஆளாக இழுக்கத் தொடங்குவதைப் பார்த்தேன். லோரி திரும்பியது.

ஒரு நாள் என்றது மூன்று நாளாயிற்று. திரும்பி வந்தபோது கரையில் பத்துப் பன்னிரண்டு கட்டுகள் ஏறியிருந்தன. அவற்றின் நாரை அவரே உரித்து அலசிக் கொடியில் போட்டிருந்தார். வெயிலில் பட்டு மாதிரி மின்னியது. அவருடைய இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. தண்ணீருக்குள்ளேயே கிடந்த மற்றக் கட்டுகளை எடுத்தபோது நார் தண்டை விட்டுத் தானாக நழுவியது, மங்கலாக, பஞ்சு மாதிரி. நான் ஒரு இழையை இரண்டு விரலால் இழுத்தேன். சத்தமே இல்லாமல் பிரிந்தது.

"இது செத்துப்போச்சு" என்றார் அக்கா. அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து அன்றுதான் கேட்டேன். "அள்ளி வயலுக்கு எருவாப் போடுங்க."

முதலாளி போடவில்லை. காயவைக்கச் சொன்னார். காய்ந்ததும் எங்களிடம் கொண்டுவந்து குவித்தார். "இத உள்ள வச்சு முறுக்குங்க. மேல நல்ல நாரச் சுத்துங்க. பந்தக்கால் கட்டுற கயித்துக்கு இது போதும்."

மேலே சுற்றச் சொன்ன அந்த நல்ல நார், அக்கா தோல் உரியத் தனியாக ஏற்றிய நார். இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

அக்கா கத்தினார். பந்தலுக்கு என்று போகிற கயிறு பந்தலோடு நிற்காது, கடையில் தொங்கினால் யார் வேண்டுமானாலும் வாங்குவார்கள் என்று கத்தினார். முறுக்கித் தொங்கவிட்ட கயிறுகளில் நாலைந்தை எல்லார் கண்ணெதிரிலும் அரிவாளால் வெட்டி, உள்ளே இருந்த செத்த நாரை உருவி ஊதிக் காட்டினார். அது தூசியாகப் பறந்தது. முதலாளி இரண்டு ஆண்களைக் கூப்பிட்டு அவரை வெளியே தள்ளி வாசலைச் சாத்தினார். அந்தச் சாத்திய வாசலுக்கு உள்ளே உட்கார்ந்து நாங்கள் முறுக்கினோம். பாக்கியம் ராட்டையைச் சுற்றினாள். நான் பின்பக்கமாக நடந்தபடி நாரைக் கொடுத்தேன். செத்தது உள்ளே, நல்லது மேலே. எனக்கு நன்றாக முறுக்க வரும். பார்த்தால் ஒருவருக்கும் தெரியாது.

ஏன் செய்தேன் என்றால், வேலைக்குப் போகும் பெண் என்று வீட்டில் அப்போதுதான் கொஞ்சம் மரியாதை கிடைத்திருந்தது. அதை இழக்கப் பயம். அவ்வளவுதான்.

அதற்கப்புறம் அக்கா கடை கடையாகப் போயிருக்கிறார். இந்தப் பட்டறைக் கயிற்றை வாங்காதீர்கள் என்று சொல்லியிருக்கிறார். வேலையை விட்டு நிறுத்திய பொம்பளை வயிற்றெரிச்சலில் பேசுகிறாள் என்று சிரித்து அனுப்பினார்கள். நாலாம் நாள் காலையில், மாணிக்கண்ணன் டவுன் கடையொன்றில் புதுக் கயிறு வாங்கிப் போனதாக யாரோ சொல்ல, அக்கா அவர் வீட்டுக்கு ஓடியிருக்கிறார். மாணிக்கண்ணன் மனைவி செல்லம்மா அண்ணி வாசல் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"மாணிக்கம் எங்க?"

"விடியவே செமாபோக் போயிட்டாரே. அங்க ஒரு வீட்டுல கிணறு தூர் வாரணும்னாங்க. ஏங்க்கா?"

அக்கா திரும்பி ஓடினார். பஸ்ஸுக்கு நிற்காமல் ஓடி, வழியில் ஒரு சைக்கிள்காரரை நிறுத்திப் பின்னால் ஏறிப் போய்ச் சேர்ந்தபோது மாணிக்கண்ணனைக் கிணற்றடியில் பலகையில் கிடத்தியிருந்தார்கள். தூர் வாரி முடித்து மேலே ஏறும்போது பாதியில் கயிறு விட்டுவிட்டது. இடுப்பும் வலது காலும் நொறுங்கியிருந்தன. அக்கா அறுந்த முனையைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு கத்தினாராம். "எனக்குத் தெரியும். இது செத்த நாருன்னு எனக்கு அப்பவே தெரியும்!"

அந்த ஒரு வாக்கியம் முதலாளிக்குப் போதுமாயிற்று. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் கதை பரவியது. குட்டையைப் பார்க்க வேண்டியவள் பார்க்காமல் அழுகவிட்டாள், அதை மறைத்தாள், மனசு உறுத்தி ஓடிவந்து தானே ஒப்புக்கொண்டாள். செல்லம்மா அண்ணியும் நம்பினார். தெரியாதவள் எதற்குக் காலையிலேயே வீடு தேடி வருவாள்?

அடுத்த வாரம் பட்டறை மாமரத்தடியில் கோயில் பெரியவர்கள் நாலு பேர் கூடினார்கள். மாணிக்கண்ணனின் தம்பியும் வந்திருந்தார். முறுக்கிய பெண்களைக் கேட்டால் தெரிந்துவிடும் என்று அக்காதான் சொல்லியிருந்தார். எங்கள் ஆறு பேரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள். முதலில் என்னைக் கேட்டார்கள்.

"நீ சொல்லும்மா. நாரு கெட்டதுன்னு தெரிஞ்சுதான் முறுக்கினீங்களா?"

முதலாளி எனக்கு எதிரே நாற்காலியில் இருந்தார். என் புருஷன் கூட்டத்துக்குப் பின்னால் நின்று, வேண்டாம் என்று தலையை ஆட்டினான்.

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன்.

அக்கா என் எதிரில் வந்து நின்றார். அவர் கையில் இன்னும் துணி சுற்றியிருந்தது.

"நாரப் பத்தி நீ ஒண்ணும் பேச வேணாம். நான் செத்துப்போச்சுன்னு சொன்னேனா இல்லையா? அத மட்டும் சொல்லு."

நான் தரையைப் பார்த்தேன். அவர் ஒவ்வொருத்தியாக நகர்ந்து அதையே கேட்டார். ஆறு பேரிடமும் கேட்டார். ஆறு பேரும் தரையைப் பார்த்தோம். பாக்கியம் அழுதாள்.

மாணிக்கண்ணனின் தம்பி அவர்மீது ஒரு கைப்பிடி மண்ணை அள்ளி வீசினார். அக்கா துடைத்துக்கொள்ளவில்லை. அப்படியே நடந்து போனார். கொஞ்ச நாளில் அவர் கிளேபாங் பக்கம் போய்விட்டதாகவும், கடலோரத்தில் தேங்காய் மட்டை ஊறவைத்துத் தும்பு அடிப்பதாகவும் சொன்னார்கள். ஆகஸ்ட்டில் சுதந்திரம் வந்தது. எங்கள் கயிற்றில் கட்டிய தோரணங்கள் ஊரெல்லாம் ஆடின. முதலாளி புதுச் சட்டை போட்டு முன்வரிசையில் நின்றார். நானும் கையில் சின்னக் கொடியோடு நின்றேன். எல்லாரும் மெர்டேக்கா என்று முழங்கியபோது நானும் வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை.

பதினொரு மாதம் அப்படியே போனது. ஒருநாள் வேலைக்குப் போகும் வழியில் மாணிக்கண்ணன் வீட்டு சன்னல் வழியாகக் கூப்பிட்டார். கட்டிலில் கிடந்தார். மேலே உத்தரத்தைக் காட்டினார்.

"தங்கச்சி, அதுல ஒரு கயிறு தொங்கவிட்டா நானே பிடிச்சு எழுந்து ஒக்காந்துக்குவேன். உங்க அண்ணி தூக்கித் தூக்கி முதுகு போச்சு. நீ நல்லா முறுக்குவியாமே. ஒண்ணு செஞ்சு குடு." பிறகு சொன்னார், "அவ ஊறவச்ச பழைய நாரு மட்டும் வேணாம்மா."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். கொடி தைக்கப் போனது, அக்கா தனியாக ஏற்றியது, வெட்டிக் காட்டியது, வாசலைச் சாத்தியது, உள்ளே எதை வைத்தேன், மேலே எதைச் சுற்றினேன், எல்லாம். அடுப்படியிலிருந்து வந்த செல்லம்மா அண்ணி கதவோரத்தில் நின்று கேட்டார். கேட்டு முடித்ததும் என் தலைமுடியைப் பிடித்தார். அடிக்கப் போகிறார் என்று நினைத்தேன். அப்படியே தெருவுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"இங்க நின்னு சொல்லு. உள்ள சொன்னத இங்க சொல்லு."

சொன்னேன். கதவுகள் திறந்தன. கூட்டம் கூடியது. முதலில் குரல் எழும்பவில்லை, அண்ணி "சத்தமா!" என்றார். சத்தமாகச் சொன்னேன். இரண்டு வீடு தள்ளி நின்ற பாக்கியம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "பெத்துல். இவ சொல்றது பெத்துல், நெசம். ராட்டே நான்தான் சுத்தினேன்" என்றாள்.

முதலாளிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேலையில் ஒழுங்கில்லை என்று இவளை நிறுத்தப் போகிறேன், அதற்காகக் கதை கட்டுகிறாள் என்று சொன்னார். அன்றே எனக்கும் பாக்கியத்துக்கும் வேலை போனது. என் புருஷன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. கோயில் பெரியவர்கள், பழசைக் கிளற வேண்டாம் என்றார்கள். ஆனால் அதன்பிறகு தெருவில் யாரும் அக்கா பெயரைச் சொல்லிச் சிரிக்கவில்லை. பிள்ளைகளின் பாட்டும் நின்றது. மாணிக்கண்ணன் ஊன்றுகோல் பிடித்து எழுந்ததும் முதலில் போனது பட்டறை வாசலுக்கு. தினம் காலையில் போய், கயிறு வாங்க வருகிறவர்கள் கண்ணில் படும்படி எதிரே ஒரு பலகையில் உட்காருவார். ஒன்றும் பேசமாட்டார். கயிறு வாங்க வந்த பலர் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். அந்த வருஷக் கடைசியில் பட்டறை மூடியது.

நான் கிளேபாங்குக்குப் போனேன். அக்கா கடற்கரைக் குடிசை முன்னால் ஊறிய மட்டையைக் கட்டையால் அடித்துக்கொண்டிருந்தார். நான் வந்ததைப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"சொல்லிட்டேன்க்கா" என்றேன். "தெருவுல நின்னு எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன்."

"கேள்விப்பட்டேன்."

"என்ன மன்னிச்சிருங்க."

"நீ சொன்னது மாணிக்கத்துக்கு. அவனுக்கு அது ஒதவுச்சு, நல்லது." ஒரு மட்டையைப் புரட்டிப் போட்டார். "எனக்காகச் சொல்லவேண்டிய நாளு மாமரத்தடியில போயிருச்சு. அந்த நாள நீ எங்கேருந்து கொண்டாருவ?"

அடுத்த மட்டையை எடுத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"மண்ண எம்மூஞ்சில போட்டான். ஒருத்தியாவது தலைய நிமித்தியிருக்கலாம் இல்ல? ஒருத்தி?" என்றார். அடிக்கிற கட்டை அவர் கையில் அப்படியே நின்றது. பிறகு, "போ. பஸ்ஸு போயிரும்" என்றார்.

ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. பஸ்ஸில் ஏறாமல், அழுதுகொண்டும் அவரைத் திட்டிக்கொண்டும் டவுன்வரை நடந்தே வந்தேன். அதன்பிறகு இரண்டு முறை போனேன். இரண்டு முறையும் வேலையை நிறுத்தாமல், வானத்தைப் பற்றியும் மட்டையைப் பற்றியும் பேசிவிட்டு அனுப்பினார். மன்னித்தேன் என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் வாங்கவில்லை. அவருக்கு வராத ஒன்றை வந்ததாகச் சொல்ல அவருக்குத் தெரியாது.

நாலு வருஷம் கழித்து அக்கா இறந்துபோனார். நெஞ்சில் சளி கட்டியது என்றார்கள். நான், பாக்கியம், செல்லம்மா அண்ணி, ஊன்றுகோலோடு மாணிக்கண்ணன், எல்லாரும் போனோம். சவப்பெட்டியில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். யார் குளிப்பாட்டினார்களோ, நிறைய வாசனைத் தண்ணீர் தெளித்திருந்தார்கள். அந்த வாசனையில் அவர் யாரோ மாதிரி இருந்தார்.

அப்போது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. பழைய முதலாளி இறங்கினார். கையில் பெரிய ரோஜா மாலை. கூட்டம் தானாக வழிவிட்டது. அவர் மாலையைப் பெட்டிமேல் வைத்து, கைகூப்பி, பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கும்படி, "நல்ல உழைப்பாளி. நம்ம பட்டறையில எத்தன வருஷம்! தங்கமான மனுஷி" என்றார்.

பத்துப் பேர் தலையாட்டினார்கள்.

நான் எழுந்தேன். பெட்டியருகே போய் அந்த மாலையை எடுத்தேன். கனமாக இருந்தது. அவர் முகத்துக்கு நேரே, "இது செத்துப்போச்சுன்னு அக்கா சொன்னாங்க. சொன்னாங்களா இல்லையா முதலாளி?" என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார். வாசலைத் தாண்டிப் போய் மாலையைக் கான்வாய்ச் சாக்கடையில் போட்டேன். திரும்பி வந்து என் இடத்தில் உட்கார்ந்தேன்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருக்கலாம். இன்னும் சத்தமாகக் கேட்டிருப்பேன்.